இதுக்கு முன்னாடி ஏதாவது?

என் மகள் கடலை நீந்திக் கடந்தவள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்தார். அவளுடைய பத்தொன்பது வயதில் எடுத்தது. பின்னால் கடல். முன்னால் என் மகள், முழு மொட்டை, பல் தெரியச் சிரிக்கிறாள்.

"என்ன சார் இது, பேன் தொல்லையா?" என்று கேட்டார்.

டீ கொண்டுவந்த மகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொல்லும் பொய்க்கு வியர்த்துக் கொட்டும்.

"தண்ணியில முடி கனக்கும் மாப்பிள்ளை," என்றேன். அப்போது அவர் இன்னும் மாப்பிள்ளை ஆகியிருக்கவில்லை. நான் கொஞ்சம் அவசரக்காரன். "எதிர்க்கரைத் தீவு வரைக்கும் நீந்திப் போனா. அதுக்குத்தான் முடியை எடுத்தது. பாதி வழியில ஒரு சுறா சேர்ந்துக்கிச்சு. கொஞ்ச தூரம் பக்கத்துலயே வந்து பாத்துச்சு. முடியல. மூச்சு வாங்கிக்கிட்டு, 'நீ போம்மா'ன்னு திரும்பிப் போயிடுச்சு."

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு இரும்பு ரோப்பை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். மனிதர்கள் சொன்னால் ஒரே தடவையில் நம்பிவிடுவார். "அப்புறம் ஏன் நீந்தறதை விட்டுட்டாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"கடலைப் பாத்தவளுக்குக் குளம் எல்லாம் வாளித் தண்ணி மாதிரி. இறங்க மனசு வர்றதில்ல."

கல்யாணமானதிலிருந்து அவர் பார்க்கும் ஆளிடமெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரம்மா கடலைத் தாண்டினவங்க. ஒருமுறை அவளை நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போனார். அவள் படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு நடுங்கினாள். "உப்புத் தண்ணிக்குப் பழகின உடம்பு, இந்த மருந்துத் தண்ணி ஒத்துக்கல," என்று மற்றவர்களுக்கு அவரே விளக்கம் சொன்னாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல விதை, நல்ல மண்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை வர வேண்டும். எனக்குக் கதை வந்தது. ஒருமுறை என் கொக்கியில் ஒரு மேகம் மாட்டிக்கொண்டது. பத்திரமாகக் கீழே இறக்கி வைத்தேன். அந்த இடத்தில்தான் இன்றைக்கும் மழைத்தண்ணீர் தேங்குகிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மொட்டைக்குக் காரணம் கடல் இல்லை.

பத்தொன்பது வயதில் அவள் ஒருவனோடு பழகி, கர்ப்பமானாள். அந்தப் பையன் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது முகவரியையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். கர்ப்பமும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதில் ஆரம்பத்திலிருந்தே குழந்தை இல்லையாம். கரு உருவாகும்போதே கோளாறு. குழந்தை இருக்க வேண்டிய இடத்தில், நஞ்சுக்கொடியாக வளர வேண்டியது கொப்புளம் கொப்புளமாக, திராட்சைக் கொத்துப்போல ஊதியிருக்கிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று பெயர் சொன்னார்கள். பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய புளுகன். அதில் முத்தும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சுத்தம் செய்த பிறகும் அது விடவில்லை. ரத்தத்தில் கர்ப்பம் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு இருமல் வந்தது. அது புற்றாக மாறி நெஞ்சுக்குள் போய்விட்டது என்றார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. கடைசி மருந்து முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடற்கரையில் அவளை நிற்க வைத்து நான்தான் அந்தப் படத்தை எடுத்தேன். சிரி என்று சொல்லவில்லை. அவளாகத்தான் சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த வயதான டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். நாற்பது வயசைத் தாண்டிக் கர்ப்பமானா அது இன்னும் கூடும். பயப்பட வேண்டாம், நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா இனிமே எப்பக் கர்ப்பமானாலும் சரி, பெத்தாலும் சரி, கலைஞ்சாலும் சரி, பார்க்கிற டாக்டர்கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லணும். கலைஞ்சா எடுத்ததை லேபுக்கு அனுப்பணும். அப்புறம் ரத்தம் பார்க்கணும்."

கேட்டது மூன்று பேர். நான், என் மனைவி, மகள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருவர். அதில் ஒருவன் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் விட்டுவிட்ட பிறகு, நாற்பத்திரண்டு வயதில் என் மகள் கர்ப்பமானாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அவள் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வரும்போது இளைப்பாற வேண்டுமென்று, படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சங்கிலியால் கட்டிவைத்தார். கீழ்வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். "எந்திரிங்க சார், அது ரெண்டு பேருக்கான சீட்டு," என்று அவரை எழுப்பிவிட்டார் மாப்பிள்ளை.

நான் மகளிடம் தனியாகக் கேட்டேன். "டாக்டர்கிட்ட அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லிட்டியாம்மா?"

"ஸ்கேனுக்குப் போறப்ப சொல்றேன்ப்பா. இவர் வெளிய நிக்கிற நேரமாப் பாத்து."

அவர் எங்கே வெளியே நிற்பார்? டாக்டரின் அறைக்குள் கதவு திறப்பதற்கு முன்பே அவர்தான் நுழைவார்.

ஸ்கேனுக்குத் தேதி வருவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் ரத்தக்கட்டிகள்தான் தெரிகின்றன, வேறொன்றும் சரியாகத் தெரியவில்லை, பாதி கலைந்துவிட்டது, மீதியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. இளம் வயது, பொறுமையான முகம். கட்டிலருகே நின்று கேட்டார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது கர்ப்பம்? கலைஞ்சது, கலைச்சது எதுவானாலும் சொல்லுங்க."

"இல்ல டாக்டர், இதுதான் முதல்," என்றார் மாப்பிள்ளை. அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தார்.

டாக்டரம்மா நோயாளியைப் பார்த்தார். "ஏம்மா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, முதல்," என்றாள்.

சுறாவைப் பேச வைத்தவன் நான். அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். எடுத்தது எதுவும் லேபுக்குப் போகவில்லை. முதல் கர்ப்பம், முதல் இழப்பு, நிறைய பேருக்கு நடப்பதுதான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

வாரங்கள் போயின. ரத்தம் நிற்பதும் வருவதுமாக இருந்தது. காலையில் குமட்டினாள். போனில் கேட்டதற்கு, கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருக்கலாம், தானாகப் போய்விடும், நிற்காவிட்டால் வாருங்கள் என்றார்கள். அப்போதும் அவள் பழையதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளை என் அறைக்குள் ஓடிவந்தார். கையில் வெள்ளையாக ஒரு குச்சி. மருந்துக்கடையில் வாங்கிச் சோதித்திருக்கிறார்கள்.

"மாமா, ரெண்டு கோடு! நல்லா அழுத்தமா ரெண்டு கோடு! ரெட்டைக் குழந்தையா இருந்திருக்கும் மாமா. ஒண்ணு போயிடுச்சு, ஒண்ணு இருக்கு. அப்படி நடக்கும்ல? நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க!"

நான் கேள்விப்படாத விஷயம் உலகத்தில் உண்டா? ஆறு குழந்தையில் அஞ்சு ஒளிந்துகொண்டிருந்த கதையைக்கூட அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

"டாக்டர்கிட்டக் காட்டுங்க மாப்பிள்ளை. நாளைக்கே."

"போலாம் மாமா, போலாம். அவ கொஞ்சம் பொறுங்கறா." போகிற போக்கில் திரும்பி, "ஏன் மாமா, உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?" என்றார்.

அவர் கடைக்குப் போன பிறகு மகள் வந்தாள். வாசற்படியில் நின்று இருமினாள். வறட்டு இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும். முகம் மறந்துபோன ஆளின் குரலைக் கூட்டத்தில் கேட்டதுபோல இருந்தது.

"அப்பா, இது அதுதானே?"

"டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லும்மா."

"என்னன்னு சொல்றது? அவர் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப, இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுன்னா? பதினஞ்சு வருஷம் நான் கடல் நீந்தினவன்னு நம்பிட்டிருக்கற மனுஷன்கிட்டயா?"

"அவர் நல்லவர்டா."

"அதுதான்ப்பா பிரச்சினை. கெட்டவரா இருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேன்." நாற்காலியில் உட்கார்ந்தாள். "முகத்தைப் பாத்தீங்கல்ல? இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்ப்பா. யாருக்குத் தெரியும், நிஜமாவே ஒண்ணு..." முடிக்கவில்லை. இருமல் வந்துவிட்டது.

"போன தடவையே உன்னைச் சாவுகிட்ட இருந்து இழுத்துத்தான் கொடுத்தாங்க. அப்ப உனக்குப் பத்தொன்பது. இப்ப தாங்குமா?"

"சொல்லக் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். நான் பண்ணாத சத்தியமா? என் மனைவிக்கும் அது தெரியும்.

மறுநாள் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பெரிய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்க்கப் போகிறவன் படி ஏறித்தான் ஆக வேண்டும். அவர் இருக்கும் இடத்தில் லிஃப்ட் ஓடாது. மாடிக்கு மாடி நின்று, சுவரைப் பிடித்து, தலையில் வழிந்ததைத் துடைத்து, உச்சியில் இருந்த மோட்டார் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். கிரீஸ் நாற்றம். பெரிய சக்கரத்தின் மேல் வளைந்து தரையின் துளை வழியாகக் கீழே இறங்கும் ரோப்புகள். மாப்பிள்ளை முட்டிபோட்டு பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாமா! இவ்வளவு படியா ஏறி வந்தீங்க? அவளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் சொல்லணும். அந்த மொட்டைப் படம்."

அவர் சிரித்தார். ஸ்பானரைக் கீழே வைத்து வசதியாக உட்கார்ந்துகொண்டார், கதை கேட்பவர்போல.

சொன்னேன். பையன், கர்ப்பம், குழந்தை இல்லாத கர்ப்பம், நெஞ்சுக்குப் போனது, மருந்து, முடி. டாக்டர் சொன்னது. நாற்பதுக்கு மேல் என்றது. லேபுக்கு அனுப்பு என்றது. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, என்ன மோசமான கதை இது. சிரிக்க இடமே இல்லை.

"மாமா," என்றார், இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "இதைவிட சுறாக் கதைதான் நல்லாருக்கு."

"ஆமா."

"என்ன ஆமா?"

"அது நான் பண்ணினது. இது நடந்தது."

அவர் என் முகத்தில் எங்காவது ஒரு மூலையில் குறும்பு தெரிகிறதா என்று தேடினார். ஒரு ரோப்பைச் சோதிப்பதுபோல மூன்று தடவை பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"சுறா பொய்னு எனக்குத் தெரியும் மாமா. அவ்வளவு முட்டாள் இல்ல நான்." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீந்தினது நிஜம்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

ஸ்பானரை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார்.

"அப்ப இந்த ரெண்டு கோடு..."

"குழந்தை இருந்தாலும் வரும். இது இருந்தாலும் வரும். எதுன்னு டாக்டர்தான் பாக்கணும்."

"இருமறாளே மாமா," என்றார். "ஏசி ஒத்துக்கலைன்னு சொன்னா."

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அவர் என்னைத் திட்டுவார், அல்லது அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு நிமிஷம் இருங்க. பிரேக்கை மாட்டிட்டு வந்துடறேன். கீழ யாராவது ஏறிடுவாங்க."

மாட்டினார். இழுத்துப் பார்த்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைப் பிடித்தோம் என்று சொல்ல முடியாது.

அன்று மாலையே ஆஸ்பத்திரி. வீட்டில் அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. குழந்தையைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் அழைத்துவந்தார். டாக்டரம்மா குச்சியைப் பார்த்துவிட்டு, கலைந்த பிறகு சிலருக்குக் கொஞ்ச நாள் இப்படிக் காட்டும் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை குறுக்கிட்டார்.

"டாக்டர், அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். இதுக்கு முன்னாடி இவங்களுக்கு ஒண்ணு ஆகியிருக்கு. முத்துப்பிள்ளைக் கர்ப்பம். நெஞ்சு வரைக்கும் போய் மருந்து ஏத்தியிருக்காங்க. இவங்க எப்பவோ எங்கிட்டச் சொன்னதுதான். நான்தான் மறந்துட்டேன்."

வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய். காது சிவந்துவிட்டது. குரல் உடைந்தது. இவ்வளவு மட்டமாக யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. போனை எடுத்தார். என் மகள் அவரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எந்தக் கதையிலும் வைக்க மாட்டேன்.

ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. நெஞ்சுப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள். டாக்டரம்மா மறைக்கவில்லை. "குணப்படுத்தக்கூடிய வியாதிதான். இன்னும் தாமதமாகாம வந்தீங்க. ஆனா வயசும் இருக்கு, பழைய வைத்தியமும் இருக்கு, நெஞ்சுலயும் இருக்கு. அதனால பலமான மருந்தா ஆரம்பிக்கணும்." மாப்பிள்ளை, அப்ப குழந்தை, என்று கேட்டார். "வயித்துல இப்பக் குழந்தை இல்லைங்க," என்றார் டாக்டரம்மா. இனிமேல் என்று அவர் கேட்டதற்கு, "இப்ப அதைப் பேச வேண்டாமே," என்றார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்.

புருஷனும் பெண்டாட்டியும் அன்று வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. ஒட்டுக்கேட்டேன். இருவருமே பேசாமல் இருந்தால் ஒட்டுக்கேட்டு என்ன பயன்?

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். என்னோடு அவள் பேசவில்லை. நான் கொண்டுபோகும் கஞ்சியைக் குடிப்பாள். கிண்ணத்தைக் கட்டிலருகே வைப்பாள், என் கையில் தரமாட்டாள். முடி தலையணையில் வந்தது. கீழ்வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தி, "என்ன, திரும்பவும் நீச்சலா?" என்று உற்சாகமாகக் கேட்டார். "உடம்பு சரியில்லை," என்றேன். அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

வார்டில் ஒரு பிற்பகல். வரிசையாகக் கட்டில்கள், பாட்டில்கள், ஜன்னலில் பாதி இழுத்த திரை. மாப்பிள்ளை வேலை உடுப்போடு நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருந்தார். நான் கால்மாட்டில் ஸ்டூலில். சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பார்வையைத் திருப்பாமல் பேசினாள்.

"அப்பா."

எத்தனை நாள் கழித்து.

"அன்னைக்குப் போச்சுல்ல. அதுல குழந்தை இருந்துச்சா? இல்ல, போன தடவை மாதிரி வெறும்..."

நான் டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டிருந்தேன். நல்ல கர்ப்பம் கலைந்த பிறகும் இந்த வியாதி வருமாம். அந்தக் கொப்புளக் கர்ப்பத்துக்குப் பிறகும் வருமாம். எடுத்ததை லேபில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்.

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். யாரும் பாக்கல."

"அப்ப இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"பொண்ணு," என்றார் மாப்பிள்ளை. கண்ணைத் திறக்கவில்லை.

அவள் தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யார் ஜாடை?"

அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். இந்த வேலைக்குப் புதியவர். எங்கே சொதப்பிவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

"உங்க அப்பா ஜாடை," என்றார்.

"ஐயோ பாவம்," என்றாள் என் மகள். சிரிக்கத்தான் போனாள். பாதியில் உதடு கோணியது. இது ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஊசி குத்தியிருந்த கையை அசைக்கக் கூடாது என்பதால் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை எழுந்து அந்த ஊசிக் கை ஆடாமல் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.